ராசியான சீட்டு

நாலாக மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன ஒரு மருந்துச் சீட்டு என் முன்னால் மேசையில் கிடக்கிறது. எடுத்து மோந்தால் கற்பூர வாசனை. முருகன் காலண்டருக்குப் பின்னால், கரண்ட் அட்டையோடு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்த சீட்டு. மேலே என் அப்பாவின் பெயர். கீழே உன் மருந்துக்கடையின் ஊதா முத்திரை. அதற்குப் பக்கத்தில் வேறு கடைகளின் முத்திரைகளும் இருக்கின்றன. நேற்றுச் சாயங்காலம் இதை அடுத்த வீட்டிலிருந்து திரும்ப வாங்கி வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோது சொன்னதையே காதில் போட்டுக்கொள்ளாதவன் நீ.

போனவரைப் பற்றி எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு வராது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கடைத்தெரு வியாபாரிகள் எல்லாம் சேர்ந்து உனக்குப் படத்திறப்பு வைத்தார்கள். பிளெக்ஸில் உன் முகத்துக்குக் கீழே ‘கைராசிக்காரர்’ என்று போட்டிருந்தது. ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்றார்கள். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள். நான் மூடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் நாற்பது வருஷப் பழக்கம், உனக்காக ஒரு நிமிடம் மூடித்தான் பார்ப்போமே என்று மூடினேன். அடுத்த கணம் முன்வரிசை நாற்காலிகளோடு தரையில் கிடந்தேன். தூக்கிவிட்டவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். சத்தம் எனக்கு எட்டவில்லை, உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். “இங்கயுமா குடிச்சுட்டு வருவான்?” உன் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை.

நான் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இது உனக்குத் தெரியும். நான் ஏன் ஆடுகிறேன் என்பதும் தெரியும். இந்த ஊரில் என்னைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நீதான். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பொதுப்பணித்துறையில் நான் மதகு திறக்கும் லஸ்கராகச் சேர்ந்தபோது நம் கூட்டாளிகளிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நீ. “ஊருக்கே தண்ணி திறந்துவிடுற சாவி இவன் கையில இருக்கு, மரியாதையா இருங்கடா” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். வாய்க்கால் தலைப்பில் ஐந்து கதவு கொண்ட மதகு. மதகுச் சுவரின் அகலம் ஒன்றரை அடி. ஒரு பக்கம் ஆளை முழுங்கும் ஆழத்தில் தேங்கிய தண்ணீர், மறுபக்கம் சுழித்து விழும் தண்ணீர். அந்தச் சுவர்மேல் நடந்துபோய்த்தான் கடைசிக் கதவைச் சுற்றித் திறக்க வேண்டும். எனக்கு அது வீட்டுக்கூடத்தில் நடக்கிற மாதிரி. மழையில், காற்றில், முறைத் தண்ணீர் விடும் நாட்களில் பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவை திரும்புவேன்.

பள்ளிக்கூட நாட்களில் அதே சுவரில் நீ எப்படி வருவாய் என்பதை மறந்திருக்க மாட்டாய். என் கால்சட்டையின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “விட்றாதடா, விட்றாதடா” என்று புலம்பிக்கொண்டே வருவாய். உனக்கு நீச்சல் தெரியாது. அக்கரைக் கொடுக்காப்புளிக்கு ஆசை மட்டும் இருந்தது. நான் ஒரு தடவைகூட உன்னை விட்டதில்லை. அதை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்.

இந்தச் சீட்டுக்கு வருகிறேன். அப்பாவுக்கு மூத்திரத்தில் கிருமி சேர்ந்து குளிர் காய்ச்சல் வந்தபோது தஞ்சாவூரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஜென்டாமைசின் ஊசி, ஐந்து நாள். இரத்தம் சோதித்து, எடை பார்த்து, அளவைக் குறைத்து எழுதினார். நீ வீட்டுக்கே வந்து போட்டாய். அப்பா ஆறாம் நாள் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அது ராசியான சீட்டு ஆகிவிட்டது. நம் ஊர் வழக்கம் உனக்கே தெரியும். சீட்டை ஆளுக்கு எழுதியதாக இங்கே யாரும் நினைப்பதில்லை, நோய்க்கு எழுதியதாகத்தான் நினைப்பார்கள். ஒருவரை எழுப்பிவிட்ட சீட்டை விபூதி மடல் மாதிரி வைத்திருப்பார்கள். அடுத்த காய்ச்சலுக்கு அதே சீட்டு, அடுத்த வீட்டுக்கும் அதே சீட்டு. அதை வாங்கிப் பார்த்து, யாருக்கு என்று கேட்காமல் மருந்தை எடுத்துக் கொடுக்கிற கை, கைராசியான கை.

உண்மையைச் சொல்கிறேன், அதை உன்னிடம் கொண்டுவந்தவன் நான்தான். மதகில் அடைத்திருந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டி இழுத்தபோது சேற்றுக்குள் கிடந்த பாட்டில் சில்லு காலைப் பிளந்துவிட்டது. மூன்றாம் நாள் முழங்கால்வரை வீக்கம், காய்ச்சல். முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டுத் தஞ்சாவூர் போக முடியாது. அப்பாவின் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன் கடைக்கு வந்தேன். “அப்பாவை எழுப்புன ஊசிதானடா, அதையே எனக்கும் போட்டு விடு” என்றேன். நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாய். பார்மசி படித்தவன் நீ, நான் இல்லை. “உங்கப்பாவுக்குப் போட்டேன், உனக்குப் போட மாட்டேனா?” என்றாய். காலையில் கடை திறக்கும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, புண் காயவில்லை. “இன்னும் அஞ்சு நாள் போட்டா சுத்தமா காஞ்சிரும்” என்றாய். எட்டாம் நாள் என் காதுக்குள் சுவர்க்கோழி கத்த ஆரம்பித்தது. பகலிலும் கத்தியது. உன்னிடம் வந்து சொன்னேன். நான் சொன்ன வார்த்தையைக்கூட நினைவு வைத்திருக்கிறேன். “காதுல ஒரே இரைச்சலா இருக்குடா, இந்த ஊசியினாலயா?” என்று நானே கேட்டேன். நீ பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக்கொண்டே, தலை நிமிராமல், “காய்ச்சல் விட்ட பலவீனம். முட்டை சாப்பிடு” என்றாய். அப்புறம் ஆறு நாள் போட்டாய். மொத்தம் பதினான்கு நாள். அன்றைக்கு நீ நிறுத்தியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஏதாவது மிஞ்சியிருக்கும். அந்த ஏதாவதுக்காகத்தான் ஆறு வருஷமாக உன்னை மனசுக்குள் வைதுகொண்டிருக்கிறேன்.

புண் காய்ந்தது. ஊசி நின்று ஒரு வாரத்தில், வாய்க்கால் படியில் நின்று முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். படி காலுக்குக் கீழே இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் கிடந்தேன். வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளும் அதே. பிறகு நடந்தால் எதிரே இருப்பதெல்லாம் குதித்தது. நடந்துகொண்டே பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது, நின்றால்தான் எழுத்து நிற்கும். பொழுது மங்கினால் வரப்பில் கால் வைக்க முடியாது. குக்கர் விசில் போனது. போன் மணி போனது. ராணி சமையல்கட்டிலிருந்து பேசினால், பேசுகிறாள் என்று தெரியும், என்ன பேசுகிறாள் என்று தெரியாது. “கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டீங்களா?” என்று அவள் கோபித்துக்கொள்வாள். பெண்டாட்டியின் கோபத்தைக்கூட முழுசாகக் கேட்க விடவில்லை உன் ஊசி.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பிறகு காதுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டார்கள். விட்டதும் தலை சுற்ற வேண்டுமாம், சுற்றாவிட்டால்தான் கெடுதியாம். எனக்குச் சுற்றவில்லை. தலை சுற்றாததற்காக ஒரு டாக்டர் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன்.

“என்ன ஊசி போட்டீங்க?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். எத்தனை நாள் என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நல்ல மருந்துதாங்க அது. சில நேரத்துல உயிரையே காப்பாத்தும். ஆனா எடை பாத்து, கிட்னி பாத்து, நாள் பாத்துப் போடணும். காதுல சத்தம் வந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டணும். வயித்துல புள்ளை இருக்குற பொண்ணுங்கன்னா இன்னும் யோசிக்கணும், புள்ளையோட காதையும் சேத்துக் கெடுத்துரலாம். கேட்குறதும் உடம்பு விழாம நிக்கிறதும் ரெண்டுமே உள்காதுலதாங்க இருக்கு. உங்களுக்கு ரெண்டுலயும் பெரும்பகுதி போயிருச்சு.”

“திரும்ப வருங்களா?”

“வராதுங்க. மெஷின் வச்சா கொஞ்சம் கேட்கும். நடக்குறதுக்குப் பயிற்சி சொல்லித் தரச் சொல்றேன். வெளிச்சத்துல நடங்க. யாருங்க இதைப் போட்டது?”

கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் முகம் வந்தது. “யாரோ வெளியூர் ஆளுங்க, பேரு தெரியாது” என்றேன். ராணி வெளியே பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் வந்து, “காய்ச்சல் காதுல இறங்கிருச்சாம்” என்றேன். அவள் நம்பினாள். ஊரும் நம்பியது. நல்லவேளை, ஊசி போட்டு உயிரையாவது காப்பாற்றினாரே என்று உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நீ அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டாய்.

பிறகு மதகில் விழுந்தேன். முறைத் தண்ணீர் வரும் நாள், உச்சிவெயில், ஊர்க்காரர்கள் கரையில் காத்திருந்தார்கள். சுவரில் பாதிதூரம் போனவன், கதவு சுற்றும் நீள இரும்புச் சாவியைத் தோள் மாற்றும்போது தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். இரண்டு பேர் குதித்து இழுத்துப் போட்டார்கள். நான் தண்ணீரைக் கக்கி முடிப்பதற்குள் ஒருவர் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். வாசனை வராவிட்டாலும் பரவாயில்லை, முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது. பணி நேரத்தில் மது அருந்தியிருந்ததாகத் தெரிய வருகிறது, விளக்கம் தேவை என்று அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது.

அந்த மெமோவோடு உன் கடைக்கு வந்தேன். ஆள் இல்லாத மத்தியானம். “ஒரே ஒரு வரி எழுதிக் கொடுடா. இந்த ஊசி இத்தனை நாள் போட்டேன்னு மட்டும். மீதியை அந்த டாக்டர் சொல்லிருவாரு” என்றேன். நீ மெமோவை இரண்டு தடவை படித்தாய். ஷட்டரைப் பாதி இறக்கினாய். “எழுதிக் குடுத்தா என் லைசென்ஸ் போயிரும்டா. பொண்ணு கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கேன். உனக்கென்ன, கவர்மென்ட் வேலை, உன்னை யாரு தூக்கப்போறா” என்றாய். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு சத்து மாத்திரை அட்டையை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டாய். நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன், தினம் ஒன்றாகப் போட்டு முடித்தேன்.

விளக்கத்தில் உடல்நலக் குறைவு என்று மட்டும் எழுதினேன். நம்பவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பிரிவு அலுவலகத்தில் பதிவேட்டு அறைக்குக் காவலாகப் போட்டார்கள். என் மதகுக்கு வேறு ஆள் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் சுவரில் நடப்பது தெரியும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

காது போன பிறகு உதடு பார்த்துப் பேச்சைத் தெரிந்துகொள்ளப் பழகினேன். அந்த வித்தை வராமலே இருந்திருக்கலாம். ஒருநாள் காலை உன் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உன் கடையில் மருந்து வாங்க வந்தவர் என்னைக் காட்டி, “உங்க சிநேகிதரு விடியறப்பவே ஆரம்பிச்சுட்டாரு போல” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் பார்ப்பதும் உனக்குத் தெரிந்தது. ஆனால் என் காதுக்கு எட்டாது என்ற தைரியம். “அவன் அப்படித்தான்” என்று சொல்லிச் சிரித்தாய். அன்றோடு உன் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினேன். நீயும் என் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்தினாய். வழியில் கண்டால் வண்டியை வேறு தெருவில் திருப்பினாய். கடைசிவரை ஒரு மன்னிப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை, நீயாகச் சொல்லவும் இல்லை. பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உன் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். அழுதேன். அந்த அழுகைக்காகவும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கரண்ட் அட்டையை எடுக்கக் காலண்டருக்குப் பின்னால் கைவிட்டேன். அட்டையோடு ஒரு காலி பிளாஸ்டிக் உறையும் வந்தது. கரண்ட் பணம் கட்டுவது எப்போதும் ராணிதான், அப்பாவின் சீட்டு அங்கே இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது, எப்போதோ தொலைந்தது என்றுதான் நினைத்திருந்தேன். உறையில் அப்பாவின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்து ராணியிடம் கேட்டேன்.

“அந்த ஊசிச் சீட்டா? செந்தில் வந்து வாங்கிட்டுப் போனான். பவித்ராவுக்கு நாலு நாளா குளிர் காய்ச்சலு. ஒண்ணுக்குப் போனா எரியுதாம். மாமாவுக்கு வந்த மாதிரியே இருக்குதேன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

செந்தில் அடுத்த வீட்டுப் பையன். பவித்ரா அவன் மனைவி. ஆறு மாதம்.

“அவ மாசமா இருக்காளே, ராணி.”

“அதனாலதாங்க குடுத்தேன். ராசியான சீட்டு. உங்களையே எழுப்பி உக்கார வச்ச சீட்டு.”

“இதுக்கு முன்னால யாருக்கெல்லாம் குடுத்த?”

அவள் யோசிக்கவே இல்லை. மேலத்தெரு ராஜம், என் சித்தப்பா, இன்னும் யாரோ. சித்தப்பா இரண்டு வருஷமாகக் கட்டிலைவிட்டு இறங்கினால் சுவரைப் பிடிக்கிறார், எதைச் சொன்னாலும் “ஆங்?” என்கிறார். வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு பொய், வீட்டுச் சுவரில் கற்பூர ஆரத்தி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

உன் கடைக்கு நடந்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வேகமாக நடந்தால் கரை முழுவதும் ஆடுகிறது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். கல்லாவில் உன் மகன் கார்த்தி. உன் ஜாடை, உன் கண்ணாடிகூட.

“வாங்க மாமா.”

“செந்தில் ஒரு ஊசிச் சீட்டு கொண்டு வந்தானா?”

“வந்தாரு மாமா. அந்த ஊசி நம்மகிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் இல்ல?”

“அப்பா வாங்குறதில்ல மாமா. ஆறு வருஷமா அது நம்ம கடைக்கே வரல. யாரு கேட்டாலும் ஸ்டாக் இல்லைன்னு சொல்லச் சொல்வாரு. ஏன்னு கேட்டா எழுந்து போயிருவாரு.”

அந்த இடத்தில் எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம், நீ எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றபோதுகூட வரவில்லை. அப்படியானால் உனக்கு உறுத்தியிருக்கிறது. உன் கடை அலமாரியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஆறு வருஷமாக ஒரு தட்டைக் காலியாக வைத்துப் பிராயச்சித்தம் செய்திருக்கிறாய். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்குக் கால் வரவில்லை. ஏன் இல்லை என்று ஒருவரிடமாவது சொல்லியிருந்தால் அது மருந்துக்கடைக்காரன் செய்கிற காரியம். நீ சும்மா இல்லை என்றாய், அவர்கள் அடுத்த கடையில் வாங்கினார்கள். இந்தச் சீட்டில் இருக்கும் மற்ற முத்திரைகளுக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“செந்தில் இப்ப எங்க?”

“திருக்காட்டுப்பள்ளியில வாங்கிக்கிறேன்னு வண்டியில போனாரு. ஒரு மணி நேரம் ஆச்சே. என்ன மாமா, ஏன் இப்படி வேர்க்குது?”

சொன்னேன். மருந்து வாங்க வந்த மூன்று பேர் பின்னால் நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு நாள், எட்டாம் நாள் இரைச்சல், மெமோ, பாதி இறக்கிய ஷட்டர். அவன் “அப்பாவா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். “உங்கப்பன்தான்” என்றேன். அவன் செந்திலுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். நான் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டியில் போனால் எனக்கு உலகமே குதிக்கும், கண்ணையும் மூட முடியாது. ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். உன்னை மாதிரிப் புலம்பவில்லை.

செந்தில் வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். பவித்ரா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஊசி போட வந்திருந்த ரிட்டையர்டு நர்சம்மா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் மருந்துக்குப்பி, சிரிஞ்சு, பஞ்சு. அந்த ஸ்பிரிட் வாசனை. நான் அவசரத்தில் வாசற்படியைச் சரியாகப் பார்க்கவில்லை. நிலைப்படிக்கு உள்ளே குப்புற விழுந்தேன்.

செந்தில் வந்து தூக்கினான். மரியாதையாகத்தான் தூக்கினான், முகம் மட்டும் சுளித்திருந்தது. “என்ன மாமா இது? புள்ளத்தாச்சி படுத்திருக்குற வீட்டுக்கு இப்படிக் குடிச்சுட்டா வர்றது?”

“அந்த ஊசியைப் போடாதீங்க. என் காது அதனாலதான் போச்சு. என் நடை அதனாலதான் போச்சு.”

“உங்களுக்குக் காய்ச்சல்ல போச்சுன்னு ராணி அத்தைதான் சொல்வாங்களே. போங்க மாமா, காலையில பேசிக்குவோம்.”

ஆறு வருஷம் நான் ஊருக்குச் சொன்ன பொய்யை அவன் எனக்கே திருப்பிச் சொன்னான். தெரு கூடிவிட்டது. செந்தில் என் தோளைப் பிடித்து வெளியே நகர்த்தினான். நர்சம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் யாரும் நம்பப்போவதில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அது குடிகாரன் கத்தல்தான். நீ சிரித்துச் சிரித்து எனக்குக் கட்டிவிட்ட பட்டம் ஒரு பிறக்காத பிள்ளையின் காதுக்கு விலையாகப் போகிறது.

அப்போது கார்த்தி முன்னால் வந்தான். அவன் குரல் எனக்கு எட்டவில்லை. பேசியது உதட்டில் தெரிந்தது.

“மாமா குடிக்க மாட்டாரு. என்னைக்குமே குடிச்சதில்ல. அந்த ஊசியைப் போட்டது எங்கப்பா. டாக்டர்கிட்ட கேட்காம, மாமாவோட அப்பா சீட்டை வச்சு, பதினாலு நாள் போட்டாரு. காதுல சத்தம் வருதுன்னு மாமா சொன்னதுக்கப்புறமும் போட்டாரு. அதுக்கப்புறம் அந்த மருந்தையே கடைக்குள்ள விடல. நான் மருந்து படிச்சவன், சொல்றேன். இவங்களுக்கு இது போடக்கூடாது. தஞ்சாவூர் கொண்டு போங்க.”

நர்சம்மா குப்பியை எடுத்து ஸ்டூலுக்கு அடியில் வைத்தார். “சீட்டு வேற ஆளோடதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையேப்பா” என்றார். செந்தில் என்னைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. வாசலில் ராணி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

கார் பிடித்துப் போனார்கள். இன்று மத்தியானம் செந்தில் போனில் எழுதி அனுப்பினான். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகிற வேறு மருந்து கொடுத்திருக்கிறார்களாம், காய்ச்சல் இறங்கிவிட்டதாம், பிள்ளை நன்றாக உதைக்கிறதாம்.

ராணி நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சோறு போடும்போது ஒன்று மட்டும் கேட்டாள், நான் உதட்டைப் பார்க்கும்படி நேராக உட்கார்ந்து கேட்டாள். “ஆறு வருஷம் என்கிட்டகூட சொல்லாம இருக்குற அளவுக்கு அவரு உங்களுக்கு என்ன செஞ்சாரு?” கொடுக்காப்புளி பறிக்கப் போனோம் என்றா சொல்வது. காலையில் சித்தப்பாவிடம் போய் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு, “நல்ல மனுஷன்டா அவன். வேணும்னேவா செஞ்சிருப்பான்?” என்றார். உன் கைராசி அப்படிப்பட்டது.

வேண்டுமென்று நீ செய்யவில்லை, அது எனக்கும் தெரியும். ஊசியை நீ தெரியாமல் போட்டாய். மீதியெல்லாம் தெரிந்துதான் செய்தாய். அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. படத்துக்கு முன்னால் நின்றாலும் இல்லை, உன் வீட்டுப் படையலில் சாப்பிட்டாலும் இல்லை.

காதுக்குள் சுவர்க்கோழி கத்திக்கொண்டேதான் இருக்கிறது, அது நான் போகும்போதுதான் போகும். இந்தச் சீட்டின் பின்பக்கம் சிவப்பு மையில் பெரிதாக எழுதிவிட்டேன், இது என் அப்பாவுக்கு எழுதியது, வேறு யாருக்கும் ஆகாது என்று. இனி இது காலண்டருக்குப் பின்னால் போகாது. என் சட்டைப் பையில் இருக்கும். எவர் வீட்டில் பழைய சீட்டு வெளியே வந்தாலும் இதை எடுத்துக் காட்டப்போகிறேன். காட்டும்போது உன் பெயரையும் சொல்வேன்.

இன்று காலை அலுவலகம் போகும்போது வாய்க்கால் கரையில் தடுமாறினேன். எதிரே இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் ஒதுங்கவில்லை, என் வாயை மோந்து பார்க்கவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்து வாங்க” என்றார்கள். உன் மகன் ஒரு நிமிடம் பேசியதற்குக் கிடைத்தது அது. அந்த ஒரு நிமிடம் ஆறு வருஷமாக உன்னிடம் இருந்தது.